பழகிய நாயின் பல்

தெருநாய் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால் ஊரே திரண்டு எழுகிறது. நகரசபையைக் குறை கூறுகிறோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கடித்தது சிற்றப்பன் வீட்டு நாயாகவோ, அடுத்த கொட்டாய்க்காரர் வளர்ப்பதாகவோ இருந்துவிட்டால் நமது நடத்தை முற்றும் மாறிவிடுகிறது. "நம்ம நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்ற ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துபோகிறது. அவ்வார்த்தையினால் விளையக்கூடிய கேட்டைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

ஆத்தூர்ப் பிரதேசத்துக்கு இது மிகவும் வேண்டிய விஷயம். வசிஷ்ட நதியின் இரு மருங்கிலும் நெல்லும் குச்சிக்கிழங்கும் பயிரிடும் குடியானவர் பலர் ஊரை விட்டு விலகிக் காட்டுக்கொட்டாய்களில் வசிக்கின்றனர். அங்கே ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் நாயே காவல். குழந்தைகள் அதனோடு கூடவே வளர்கிறார்கள். ஆயினும் பழகிய நாயும் பிராணியே. உண்ணும்போது கிட்டப் போனாலும், குட்டியைத் தொட்டாலும், தூக்கத்தில் மிதித்தாலும், நோவோடு படுத்திருக்கையில் கட்டித் தழுவினாலும் அது கடித்துவிடக்கூடும். இது நாயின் துரோகமும் அன்று, குழந்தையின் குற்றமும் அன்று. ஆனால் சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்குச் சமீபமாக இருப்பதால், பெரியவர்களுக்குக் காலில் படும் கடி குழந்தைக்குத் தலையிலும் முகத்திலும் பட்டுவிடுகிறது. மூளைக்கு அருகில் பட்ட கடி அதிக ஆபத்தானது.

வெறிநோய் கண்ட நாய், அதன் குறிகள் வெளிப்படுவதற்குச் சில தினங்கள் முன்பே உமிழ்நீரில் நோய்க்கிருமியைக் கொண்டிருக்கக் கூடும். ஆகையால் நாய் இன்று வாலாட்டி நிற்பது அத்தாட்சி ஆகாது. நோய் மனிதரிடத்தில் வெளிப்பட்ட பின்னர் பிழைப்பது மிக மிக அரிது. வெளிப்படுமுன் தடுப்பதோ எளிது. 1885-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குச் செய்த சிகிச்சை அதற்கு வழி திறந்தது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. வயிற்றைச் சுற்றிப் பல நாள் ஊசி போட்ட பழைய முறை இப்போது ஒழிந்துவிட்டது. அந்தப் பயத்தினால் ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பவர் இனி அஞ்ச வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை சிலவே. முதலில் நாயை விலக்கிக் கட்டுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், பச்சிலை எதையும் அப்பலாகாது. இறுகக் கட்டவும் வேண்டாம். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்றும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி போடுகிறார்கள். காயம் ஆழமாயின் நோயெதிர்ப்புப் புரதத்தைக் காயத்திலேயே செலுத்துவார்கள். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று இதைத் தள்ளிவைக்கலாகாது.

நிற்க. கோபத்தில் நாயை அடித்துக் கொல்வதும் தவறு. அதைப் பத்து நாள் தனியே கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நலமாயிருந்தால், கடித்த சமயத்தில் அது நோயைப் பரப்பவில்லை என்று தெளியலாம். மிச்சமுள்ள ஊசிகளைப் பற்றி வைத்தியரே தீர்மானிப்பார். கொன்றுவிட்டால் இவ்வாறு அறிய வழியின்றிப் போகிறது. குழந்தையை அடிப்பதோ அதைவிடப் பெருந்தவறு. அடிக்கு அஞ்சும் குழந்தை அடுத்த முறை கடியையே மறைத்துவிடும்.

உறவு கெடும் என்று அஞ்சி வாய்மூடி இருப்போரும் உளர். உண்மையில் உறவைக் காக்கும் கடமை நாய்க்கு உடையவரையே சார்ந்தது. கேளாமுன்பே வந்து, சிகிச்சைச் செலவை ஏற்று, நாயைக் கட்டிவைத்தால் பகைக்கு இடமேது? 2024 மே 5-ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் வளர்ப்பு நாய்கள் இரண்டு ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின, உரிமையாளர் கைதானார். பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவு, பிராணியை அலட்சியமாக விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. சட்டத்துக்கு முன்னரே தர்மம் உண்டு. 1926-இல் ஆமதாபாத் நாய்களைப் பற்றி எழுந்த வாதத்தில், நாயிடம் இரக்கம் கொள்வோர் அதைப் பொறுப்போடு வைத்துக் காக்க வேண்டுமென்றே காந்தியடிகள் வற்புறுத்தினார். வருஷந்தோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவதும், விருந்து, விசேஷ நாட்களில் கட்டிவைப்பதும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்தவை.

அண்டை வீட்டாரிடம் தாட்சண்யம் நல்ல குணந்தான். குழந்தையின் உயிரைப் பணயம் வைத்துக் காட்டும் தாட்சண்யம் மட்டும் நமக்கு வேண்டாம்.