மருந்தும் இசையும்

இசை மனத்தை உருக்கும் என்பது புதிய செய்தியன்று. ஆயின், உளநோய் வைத்தியத்தில் மருந்தைப் போலவே இசையையும் காலமும் அளவும் அறிந்து கொடுத்தல் வேண்டும் என ஆராய்ந்தோர் உளர் என்பதை நம்மிற் பலர் அறியார்.

சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் அல்பேட் ஹொவ்மன் 1938ஆம் ஆண்டில் எல்.எஸ்.டி. என்னும் பொருளை ஆக்கினார். அஃது உள்ளத்தின் நிலையையே மாற்றவல்லது என்பதை 1943இற் கண்டார். பின்னர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மதுவுக்கு அடிமையானோருக்கும் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்தோருக்கும் இதனைக் கொடுத்து ஆராய்ந்தனர். நோயாளி கண்களை மறைத்துப் படுத்திருப்பார். செவியில் இசை ஒலிக்கும். அருகே வைத்தியர் அமர்ந்திருப்பார்.

அங்கு இசைத்துறைக்குப் பொறுப்பாயிருந்தவர், வயலின் பயின்ற ஹெலன் பொனி அம்மையார். அவரும் வைத்தியர் வால்ரர் பாங்கியும் எழுதி 1972இல் வெளிவந்த கட்டுரை, இசையின் பணிகளை ஐந்தாக வகுத்தது: மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்தல், அடைபட்ட உணர்ச்சியை வெளிப்படுத்தல், அனுபவத்தின் உச்சத்துக்குத் துணைசெய்தல், காலவுணர்வு மறைந்தவிடத்துத் தொடர்ச்சி தருதல், அனுபவத்தை நெறிப்படுத்தல் என்பனவே அவை. மருந்தின் வேகம் ஏறி இறங்குவதற்கேற்ப இசையும் மாறவேண்டும் என்பது அவர்தம் முடிபு.

இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு வலுவூட்டியது. ஏனைய வைத்தியங்களாற் குணமாகாத மனச்சோர்வுடைய 19 பேருக்குக் காளான்வகைகளிற் காணப்படும் சைலோசைபின் கொடுக்கப்பட்டது. இசையோடு ஒன்றியோருக்கு ஒரு வாரத்தின்பின் சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. மருந்தின் வேகமோ அவ்வாறு பயனை முன்னறிவிக்கவில்லை. தொகை சிறிது, ஆதலின் இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளல் தகாது.

இங்கே எழும் வினா ஒன்றுண்டு. மருந்தின் வயப்பட்ட மனம் கதவில்லாத வீடு போன்றது. உவப்பான இசை அதனைத் தேற்றும், ஒவ்வாத இசை அதனை வருத்தும். அவ்வீட்டினுள் எவ்விசை புகவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? மேனாட்டுச் செவ்வியல் இசையே சிறந்தது என்பது நெடுநாள் எண்ணம். ஆனால் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் புகைப்பழக்கத்தை விடமுயன்ற 10 பேரிடம் நடத்திய சோதனையில், திபெத்தியக் கிண்ணங்கள், சேகண்டி முதலியவற்றின் ஒலியும் அதற்குக் குறைந்ததாய்க் காணப்படவில்லை. ஆகவே, நோயாளியின் சுவையையும் சம்மதத்தையும் முன்னரே அறிதல் வைத்தியரின் கடமையன்றோ?

அவுஸ்திரேலியா 2023 யூலை முதலாக, அதிகாரம் பெற்ற உளமருத்துவர் மட்டும் சைலோசைபினை விதிக்க இடமளித்துள்ளது. பெரும்பாலான நாடுகளில் இத்தகைய பொருள்கள் தடைக்குட்பட்டவையே. தாமாக இவற்றை நாடுவது பேராபத்து என்பதை மாணவர் மறவாதிருப்பாராக. பொனி அம்மையாரே பிற்காலத்தில் மருந்தை முற்றாக நீக்கி, இசையை மட்டும் துணைக்கொண்டு உள்ளக் காட்சிகளை எழுப்பும் வைத்தியமுறையை வளர்த்தார். மருந்தின்றியும் இசை மனத்தின் ஆழத்தைத் தொடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!