காட்டுக்கோழி வேட்டை

காட்டுக்கோழி வேட்டை என்பது சாம்பல் காட்டுக்கோழியைக் கூவி அழைத்தோ, கண்ணி வைத்தோ, காடு கலைத்துச் சுட்டோ பிடிக்கும் பழைய வேட்டை முறைகளைக் குறிக்கும். இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய இப்பறவை, இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் வாழ்கிறது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வேட்டை குற்றமாகும்.

பறவையின் இயல்பு

சேவல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது. இதன் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள், வெண்ணிறப் புள்ளிகள் காணப்படும். இவ்விறகுகள் மீன் தூண்டிலில் கட்டும் செயற்கை ஈக்களுக்காக ஐரோப்பாவில் பெரிதும் விரும்பப்பட்டன. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இப்பறவையிலிருந்து வந்ததென 2008 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

வேட்டைக்கு அடிப்படையானது சேவலின் எல்லைப் பற்று. விடியற்காலையிலும் அந்தியிலும் சேவல் கூவித் தன் இடத்தை அறிவிக்கும். வேறொரு சேவலின் குரல் அருகில் கேட்டால் அதனை எதிர்க்க வரும். இனப்பெருக்கம் பெரும்பாலும் பெப்ரவரி முதல் மே வரை நடப்பதால் அக்காலத்தில் கூவல் மிகும். சூன் முதல் செப்டம்பர் வரை இறகுதிர்க்கும் சேவல், பெரும்பாலும் குரலடக்கி மறைந்து திரியும்.

பார்வையும் கண்ணியும்

பிற உயிர்களை ஈர்ப்பதற்காகப் பழக்கி வைக்கப்படும் விலங்கு அல்லது பறவை தமிழில் 'பார்வை' எனப்படும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைப் பற்றிக் கூறும் பகுதியில் இத்தகைய பார்வை விலங்கு கட்டப்பட்டிருப்பது சொல்லப்படுகிறது. கோழி வேட்டையில் பழக்கிய சேவலொன்றைக் காட்டோரத்தில் காலில் கயிறு கட்டி நிறுத்துவர். அதனைச் சுற்றிக் குச்சிகளில் கோத்த சுருக்குக் கண்ணிகளை வரிசையாக நடுவர். கட்டுச்சேவல் கூவியதும் காட்டுச்சேவல் சண்டைக்கு வந்து கண்ணியில் கால் மாட்டிக்கொள்ளும்.

வட அமெரிக்காவில் நடைபெறும் வான்கோழி வேட்டையுடன் இதனை ஒப்பிடலாம். அங்கு வேட்டைக்காரர் பெட்டையின் குரலில் அழைக்க, ஆண் பறவை இணையைத் தேடி வருகிறது. இங்கு சேவல் பகையைத் தேடி வருகிறது. இரண்டிலும் பறவை தானே அருகில் வருவதுதான் வேட்டைக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம்.

துப்பாக்கி வேட்டை

சிதறுகுண்டுத் துப்பாக்கியில் வெளிப்படும் ஈயச் சில்லுகள், தொலைவு கூடக்கூட அகன்று வேகம் குறையும். ஏறத்தாழ 30 மீட்டருக்கு அப்பால் சில்லுகளுக்கிடையே இடைவெளி பெரிதாவதால் பறவை உடனே சாகாமல் காயத்துடன் தப்பும் வாய்ப்பு மிகுதி. காட்டுக்கோழி பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். காயமடைந்தது உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்தால் அதனைக் கண்டெடுப்பது அரிது. அது புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். வேட்டைக்காரர்கள் ஒரே சூட்டில் முடிப்பதை வலியுறுத்தியதற்கு இதுவே காரணம்.

தரையில் நிற்கும் பறவையானால் தலையும் கழுத்துமே குறி. மடித்த சிறகும் அடர்ந்த இறகும் உடலின் பக்கவாட்டை ஓரளவு காக்கின்றன. எனவே பறவை குனிந்து மேயும்போது சுடாமல், அது தலையை நிமிர்த்தும் வரை காத்திருப்பர். கழுத்தில் சில்லு பட்டால் விலையுள்ள இறகு கெடும் என்பது வேறு செய்தி.

காடு கலைக்கும் முறையில் ஆட்கள் ஓசையெழுப்பிப் பறவைகளை ஒரு பக்கமாக ஓட்டுவர். எழுந்து பறக்கும் பறவைக்குச் சற்று முன்னால் குறி பிடித்து, துப்பாக்கியை அதன் போக்கிலேயே நகர்த்திச் சுட வேண்டும். பறவைக்குப் பின்னால் கலைப்போர் நிற்கக்கூடும் என்பதால் தாழப் பறப்பதைச் சுடக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

பெயர்பெற்ற இராசபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரியது. கண்ணால் கண்டு துரத்தும் அந்நாய், ஒளிந்திருந்து காத்திருக்கும் இவ்வேட்டைக்குப் பொருந்தாது.

சட்டநிலை

1912 ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுக்கோழி இடம்பெற்றிருந்தது. ஆனால் அச்சட்டம் குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே வேட்டையைத் தடுக்க வழிசெய்தது. 1972 சட்டம் கண்ணி வைத்தல், பொறியில் பிடித்தல், முட்டையைச் சிதைத்தல் ஆகியவற்றையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே 'சுடவில்லை, கண்ணிதான் வைத்தேன்' என்ற வாதம் செல்லாது.

திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் காப்பகம் 1988 இல் அறிவிக்கப்பட்டது. 2021 இல் இது மேகமலையுடன் இணைந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. காப்பகத்துக்குள் வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

சேவலின் கூவல் இன்று வேறொன்றுக்கும் பயன்படுகிறது. அடர்காட்டில் கண்ணுக்குப் புலப்படாத கோழியினப் பறவைகளை ஆய்வாளர்கள் விடியலில் அவற்றின் கூவலை எண்ணியே கணக்கிடுகின்றனர்.