நேற்றைய கோப்பு நாளைக்கும் வேண்டும்

டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் கை தவறி அழித்துவிட்டால், ஒத்திசைக்கும் நிரல் மறுபக்கத்திலும் அதை அழித்து வைக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வழி இருந்தால்தான் அதற்குப் பெயர் பேக்கப்.

நான் நம்பிக் கைகாட்டுவது ஆர்சிங்க் என்ற நிரல். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்டது. இணைப்பு மெதுவாக இருந்த காலம். அதனால் பிறந்த யோசனை அழகானது. பெறும் கணினி, தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி தன் புதிய கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து, பொருந்தும் துண்டுகளைத் தேடும். பொருந்தாத பகுதி மட்டும்தான் கம்பி வழியே போகும். பெரிய கோப்பின் நடுவே நாலு வரி சேர்த்தாலும் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை.

எந்தக் கோப்பு மாறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? அளவும், கடைசியாகத் திருத்திய நேரமும் ஒத்துப்போனால் தொடாமல் விட்டுவிடும். ஆகவே கட்டளையில் மைனஸ் ஏ தெரிவைக் கட்டாயம் போடுங்கள். அதுதான் அந்த நேரத்தையும் அனுமதிகளையும் அப்படியே காப்பாற்றும்.

இனி கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், பலர் வழுக்கி விழும் இடம் இது. மூலக் கோப்புறையின் பெயரை 'படங்கள்' என்றும், போய்ச் சேரும் கோப்புறையை 'காப்பு' என்றும் கொடுத்தால், 'காப்பு'க்குள் 'படங்கள்' என்ற கோப்புறையே போய் உட்காரும். 'படங்கள்/' என்று கடைசியில் சாய்கோடு போட்டால், உள்ளே இருப்பவை மட்டும் நேராகக் 'காப்பு'க்குள் கொட்டப்படும். இதோடு டெலீட் தெரிவையும் சேர்த்தீர்கள் என்றால், 'படங்கள்' கோப்புறையில் இல்லாத எதுவும் 'காப்பு'க்குள் மிஞ்சாது. அங்கே வைத்திருந்த கணக்கு வழக்குகளும் போய்விடும். எனவே முதலில் மைனஸ் என். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும்; கூடவே மைனஸ் வி போட்டால் அழிக்கப்போகும் கோப்புகளின் பெயரும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் அடுத்த எண்டரைத் தட்டாதீர்கள்.

பழைய நாள்களைச் சேர்த்து வைக்க லிங்க்-டெஸ்ட் என்றொரு தெரிவு உண்டு. தினமும் தேதியிட்ட புதுக் கோப்புறை. மாறாத கோப்புகளுக்கு நேற்றைய கோப்புறையோடு ஹார்ட் லிங்க் மட்டும். எந்த நாளைத் திறந்தாலும் முழுதாகத் தெரியும், இடம் பிடிப்பதோ அன்று மாறியவை மட்டும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த வட்டில் இது நடக்காது, லினக்ஸில் இஎக்ஸ்டி4 வையுங்கள். மாறாத கோப்பு வட்டில் ஒரே ஒரு பிரதிதான் என்பதால், அந்த வட்டு போனால் எல்லா நாளும் சேர்ந்தே போகும். வேறு ஊரில் இன்னொரு வட்டு இருப்பது நல்லது.

இன்னொன்று: வேலை செய்யும் லேப்டாப் தள்ளிவிடாமல், காப்புக் கணினியே எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து இழுத்துக்கொள்ளட்டும். லேப்டாப்பில் கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர் புகுந்தாலும், காப்புக் கணினியின் சாவி அங்கே இருக்காது. பூட்டப்பட்ட கோப்புகள் அன்றைய கோப்புறைக்கு வரலாம். முந்தைய நாள்களை ரேன்சம்வேரால் தொட முடியாது.

குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் க்ரானில் இரவு நேரம் குறித்துவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, போன வாரத்துக் கோப்புறை ஒன்றிலிருந்து ஏதாவது ஒரு படத்தை வேறு கணினிக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.