பகலவன் தரும் மின்சாரமும் இரவின் தேவையும்

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை அணுகிய வேளையிலே, இலங்கை மின்சார சபை விசித்திரமான வேண்டுகோள் ஒன்றை விடுத்தது. வீட்டுக் கூரைகளிலே சூரிய மின்தகடுகளைப் பொருத்தியிருப்போர், விடுமுறை நாட்களிற் பிற்பகல் மூன்று மணிவரை அவற்றை நிறுத்திவைத்து உதவுதல் வேண்டும் என்பதே அது. மின்சாரம் போதாது, விளக்கை அணையுங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு, மின்சாரம் மிகுந்துவிட்டது, உற்பத்தியை நிறுத்துங்கள் என்ற வார்த்தை புதுமையாகவே இருந்தது. ஆயினும் பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கேற்றும் நேரம் வந்ததும், நீர் மின்சாரத்தோடு நிலக்கரியின் துணையையும் இந்நாடு நாட வேண்டியதாயிற்று. பகலில் வேண்டாமென்று தள்ளிய பொருளையே இரவிற் புகையோடு விலைகொடுத்து வாங்கினோம் எனலாம்.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய சங்கடமன்று. காலநிலை மாற்றத்தைத் தடுக்கத் தூய தொழில்நுட்பத்தை நாடும் நாடுகள் யாவும் இன்று வந்து நிற்கும் படி இதுவே. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்திலே பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, 1958ஆம் ஆண்டு சார்ள்ஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலிருந்து அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காயிருந்தது. இன்று அது 420ஐயும் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் கைத்தொழிற் காலத்துக்கு முந்திய நிலையினும் 1.5 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தது; முழு ஆண்டொன்று இவ்வெல்லையைத் தாண்டியது அதுவே முதன்முறை. இவ்வுயர்வுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று மின்சாரத்துக்காக நிலக்கரியை எரித்தலாகும். ஓர் அலகு மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து பெறும்போது எண்ணூறு கிராமுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சூரிய மின்தகட்டிலோ, அதனைச் செய்வதற்குச் செலவாகும் சக்தியையுஞ் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஐம்பது கிராமளவே வரும். காற்றாலையில் அது பன்னிரண்டு கிராமளவுக்கு இறங்கிவிடும். இக்கணக்கைப் பற்றி அறிஞரிடையே பெரிய பிணக்கு எதுவுமில்லை.

விலையைப் பற்றிய பிணக்கு ஒருகாலத்தில் இருந்தது. அது தீர்ந்த வரலாறு சுவையானது.

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர், சிலிக்கனாற் செய்த மின்கலமொன்றைச் செய்தியாளர்க்குக் காட்டினர். அதன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாயிற்று. எனினும் சக்கரமும் புகையும் ஓசையுமின்றி, வெயிலிற் கிடந்தபடியே மின்சாரம் தரும் பொருளொன்றை உலகம் கண்டது அன்றுதான் எனலாம். பொருள் அருமை, விலையோ அதனினும் அருமை. ஆதலால் வீட்டுக்கூரைக்கு வருமுன் அது விண்ணுக்குச் சென்றது. 1958இல் அமெரிக்கர் ஏவிய வான்கார்ட் என்னும் சிறிய செய்ம்மதியிலே சூரிய மின்கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அதிலிருந்த சாதாரண பற்றரி சில வாரங்களில் ஓய்ந்துவிட, வெயிலை உண்ட ஒலிபரப்பியோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது.

விண்ணிலிருந்து கூரைக்கு இறங்க இன்னும் நாற்பது ஆண்டுகள் சென்றன. யப்பான் தன் குடிகளுக்கு உதவிப்பணம் கொடுத்தது. ஜேர்மனி 2000ஆம் ஆண்டிற் சட்டமொன்றை இயற்றி, சூரிய மின்சாரத்தை விற்பவர்க்கு இருபது ஆண்டுகளுக்கு உறுதியான விலை தருவதாக வாக்களித்தது. வெயில் குறைந்த அந்நாட்டிலே இப்படியொரு சட்டமா என்று நகைத்தவர் பலர். நகைத்தவரும் இன்று அச்சட்டத்தின் பயனை அனுபவிக்கின்றனர். வாங்குவோர் உண்டென்ற நம்பிக்கை பிறந்தபின்பே பெருந் தொழிற்சாலைகள் எழுந்தன.

அவற்றுள் ஒன்றின் கதையை மாணவர்கள் அறிதல் நன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே மார்ட்டின் கிரீன் என்னும் பேராசிரியர், மின்கலத்தின் திறனை மேலும் மேலும் உயர்த்தும் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டு வந்தார். அவரிடம் பயின்று 1990களின் தொடக்கத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற சீன மாணவர் ஷி செங்ரோங். 2001இல் அவர் தாய்நாடு திரும்பி, வூஷி என்னும் நகரிலே மின்தகட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். சில ஆண்டுகளில் அவர் சீனாவின் பெருஞ் செல்வருள் ஒருவராயினார். பின்னர் விலை வீழ்ச்சியின் வேகத்தில் அவருடைய நிறுவனமே 2013இல் முறிந்துபோயிற்று. நிறுவனம் முறிந்தது, தொழில் முறியவில்லை. இன்று உலகின் மின்தகடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை சீனாவிலேயே செய்யப்படுகின்றன. 1970களில் ஒரு வாற்றுக்குப் பல பத்து டொலராயிருந்த தகட்டின் விலை இன்று அரை டொலருக்கும் கீழே நிற்கிறது. ஓர் ஆசிரியரின் ஆய்வுகூடம் உலகச் சந்தையைப் புரட்டிய சம்பவங்கள் சரித்திரத்தில் மிகச் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் கூரைமேற் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் இயக்கமொன்றைத் தொடங்கியது. மக்கள் ஆர்வத்தோடு சேர்ந்தனர். 2025 தொடக்கத்திற் கூரைகளின் மேலிருந்த தகடுகளின் ஆற்றல் ஆயிரம் மெகாவாற்றைக் கடந்திருந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முழு ஆற்றலே 900 மெகாவாற்றுத்தான் என்பதை இங்கு நினைவு கொள்ளல் வேண்டும். 2030ஆம் ஆண்டளவிலே நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு புதுப்பிக்கத்தக்க வழிகளால் வருதல் வேண்டும் என்பது அரசின் இலக்கு. கூரைகளை மட்டும் எண்ணினால் இலக்கு எட்டிவிடும் தூரத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும்.

ஆனால் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்ததைக் கேளுங்கள். முற்பகலிலே பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுகையுற்றது. அடுத்த சில கணங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பத்திரிகைகள் குரங்கைப் பற்றி வேடிக்கையாக எழுதின, பிறநாட்டாரும் சிரித்தனர். ஆயினும் ஒரு குரங்கால் ஒரு நாடு எங்ஙனம் இருளும் என்பதே சிந்திக்கத்தக்க வினா.

குயவனின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். கோலை எடுத்தபின்னும் அது நெடுநேரம் சுழலும். கையால் இலேசாகத் தொட்டால் உடனே நின்றுவிடாது. சடத்துவம் என்று பெளதிக நூல்கள் கூறுவது இதனையே. நீர் மின் நிலையத்திலும் நிலக்கரி மின் நிலையத்திலும் சுழலும் பெரும் மின்பிறப்பாக்கிகள், குயவனின் சக்கரத்தைப் போலவே பேரெடை கொண்டவை. வலையமைப்பில் எங்கேனும் ஓர் அதிர்ச்சி நேர்ந்தால், அவற்றின் சுழற்சி அதனைத் தாங்கி, மின்னோட்டத்தின் மீடிறனை 50 ஹேர்ட்சினின்றும் சடுதியாக விலகாமற் காக்கும். சூரிய மின்தகட்டிலே சுழல்வது யாதுமில்லை. அன்று ஞாயிறு, தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு. வெயிலோ நன்றாக எறித்தது. ஓடிக்கொண்டிருந்த கனத்த இயந்திரங்கள் சிலவே. ஆதலின் சிறிய அதிர்ச்சியையும் வலையமைப்பால் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை விளக்கமளித்தது. நுரைச்சோலையும் நின்றுபோனமையால், அடுத்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் வந்து சேர்ந்தது.

இதைக் காட்டிச் சூரிய மின்சாரமே ஆகாது என்போர் உளர். அவர்களுக்கு விடை தென் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. அம்மாநிலம் 2016 மே மாதத்திலே தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிற்று. அவ்வாண்டு செப்ரெம்பர் 28ஆம் திகதி வீசிய கடும் புயல் மின்கோபுரங்களைச் சாய்க்க, காற்றாலைகள் பல தம் பாதுகாப்புக் கருவிகளின் அமைப்பால் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ள, மாநிலம் முழுவதும் இருண்டது. ஏளனத்துக்குக் குறைவேயில்லை. ஆனால் அவர்கள் நிலக்கரிக்குத் திரும்பவில்லை. காற்றாலைகளின் கருவிகளைத் திருத்தினர். ஒப்பந்தமாகி நூறு நாட்களுக்குள் முடியாவிடிற் பணம் வேண்டாமென்று எலோன் மஸ்க் பகிரங்கமாகச் சவால் விட்ட பற்றரித் தொகுதியொன்று, கெடுவுக்கு முன்பே முடிந்து, 2017 டிசெம்பர் 1ஆம் திகதி ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்திலே 100 மெகாவாற் ஆற்றலும் 129 மெகாவாற்று மணிக் கொள்ளளவும் உடையதாயிருந்தது அது. முழு வேகத்திற் செலவிட்டால் ஒன்றரை மணிநேரத்துக்கும் போதாது. ஆகவே அதன் பயன் இரவைக் கடத்துவதன்று. கண்ணிமைக்குமுன் பாய்ந்து, தளரும் மீடிறனைத் தாங்குவதே. சுழலும் சக்கரம் செய்த தொண்டை அது வேறு வழியிற் செய்கிறது. அக்காலந்தொட்டுப் பற்றரிகளின் விலையும் மின்தகடுகளின் விலையைப் பின்தொடர்ந்து வீழ்ந்துகொண்டே வருகிறது.

இரவைக் கடத்துவதற்கு வேறொரு வழியும் உண்டு, அது மலைநாட்டுக்குரியது. இரு நீர்த்தேக்கங்கள், ஒன்று உயரத்திலும் மற்றது தாழ்விலும். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழுள்ள நீரை மேலேற்றிவிட்டு, இரவில் அதனைத் திரும்ப விழவிட்டு மின்சாரம் பெறுவது. ஏற்றி இறக்குவதில் நான்கிலொரு பங்களவு நட்டமாகும். ஆனால் வீணே நிறுத்திவைக்கும் வெயிலினும் அது இலாபமே. இலங்கையில் மகா ஓயாவை அடுத்து 600 மெகாவாற் நீரேற்று நிலையமொன்றுக்குத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. இத்தகைய திட்டங்களின் தாமதத்தைக் காணும்போது பொறியியலாளர் விமலசுரேந்திரவின் நினைவு வராமற் போகாது. லக்சபானா நீர்வீழ்ச்சியால் நாட்டுக்கு மின்சாரம் தரலாமென்று அவர் 1918இற் கட்டுரை வாசித்தார். அரசாங்க சபையிற் புகுந்தும் வாதாடினார். முதற்கட்டம் இயங்கியது 1950இல். 1953இல் அவர் காலமானார். முப்பத்திரண்டு ஆண்டுகள்! அத்துணை அவகாசம் இப்போது நமக்கில்லை.

வடபுலத்தார்க்கு இவையனைத்தையும் சிற்றுருவிற் காணவேண்டுமாயின் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேசிய வலையமைப்போடு கம்பித் தொடர்பில்லாத எழுவைதீவிலே, சூரிய மின்தகடும், சிறு காற்றாலையும், பற்றரியும், துணைக்கு டீசல் இயந்திரமும் ஒருங்கே இணைத்த அமைப்பொன்று நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் இத்தகைய அமைப்புகளை இந்திய உதவியோடு நிறுவ 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. படகிலேற்றிச் சென்ற டீசலால் எரிந்த விளக்குகளுக்கு இதன் அருமை தெரியும். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கிலே 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார். சுண்ணக்கல்லின் கீழுள்ள நீரையே நம்பி வாழும் குடாநாட்டில், எண்ணெயை எரிப்பதன் விலை புகையோடு முடிவதில்லை.

காற்றையும் மறந்துவிடலாகாது, சோளகம் இரவிலும் வீசும். மன்னாரிலே 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைத் தொகுதி முப்பது கோபுரங்களோடு 103.5 மெகாவாற் ஆற்றலுடையது. ஆனால் மேலும் கோபுரங்கள் வருவதை எதிர்த்து 2025 ஓகஸ்டில் அத்தீவின் மக்கள் வீதியிலிறங்கினர். கண்டங்கடந்து வரும் வலசைப் பறவைகளுக்கும் மன்னார் தங்குமிடம். தூய மின்சாரம் என்ற பெயரொன்றே போதும், குடிகளைக் கேட்கவேண்டியதில்லை என்று எண்ணுதல் தவறென்பதே எமது கருத்து.

பற்றரிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் பெரும் பணம் வேண்டும். பணம் அதிகம் வேண்டாத வழியொன்றும் உண்டு. நண்பகலில் உயரத்திலுள்ள தொட்டிக்கு இறைத்த நீர் மாலையிலே தோட்டத்துக்குப் பாயும். அத்தொட்டி ஒருவகைப் பற்றரியே. கரையோர ஐஸ் தொழிற்சாலையில் உறையும் ஒவ்வொரு கட்டியும் அவ்வாறே. ஆனால் நம் கைத்தொழிற் கட்டணத்திலே நெடுங்காலம் மலிவாயிருந்தது இரவு பத்தரை மணிமுதல் அதிகாலை ஐந்தரை மணிவரையுள்ள நேரம். வெயிலைக் கணக்கிற் கொள்ளாத காலத்தில் அது பொருத்தமாயிருந்தது. இன்றோ மிஞ்சுவது நண்பகலில். ஐஸ் செய்பவர் நள்ளிரவிலே இயந்திரத்தை ஓட்டுவது அவருடைய விருப்பத்தாலன்று; விலைப்பட்டியல் அப்படிச் சொல்வதால். மலிவான நேரத்தை நண்பகலுக்கு மாற்றினால் அவரும் மாறுவார். இதற்குப் பேராசிரியரும் வேண்டாம், செய்ம்மதியும் வேண்டாம்; கட்டணத்தை விதிக்கும் ஆணைக்குழுவின் பேனா ஒன்றே போதும்.