நெடுஞ்சாலையில் மைலேஜ் குறைவது ஏன்?

சுலோசன முதலியார் பாலத்தில் நின்றும் நகர்ந்தும் செல்லும் மகிழுந்து, பெற்ற வேகத்தையெல்லாம் பிரேக்கில் வெப்பமாக இழக்கின்றது. அங்கே எரிபொருள் மிகுதியாகச் செலவாவதை நாம் இயல்பென ஏற்கிறோம். தடையற்ற நான்குவழிச் சாலையிலும் மைலேஜ் குறையுமாயின், பழி உடனே பங்க்கின்மீதோ மெக்கானிக்கின்மீதோ விழுகின்றது. உதிரிப் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன; மாதச் சம்பளக்காரரின் பணம் கரைகின்றது; குறை நீங்குவதில்லை.

நெடுஞ்சாலையில் எஞ்சின் பெரிதும் போராடுவது காற்றோடுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்கு உயர்த்தினால் வேகம் கூடுவது கால் பங்கே. எதிர்ப்போ பாதிக்கு மேல் கூடிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நாகர்கோவில் செல்லும் நமக்கு இன்னொன்றும் சேர்கின்றது. காவல்கிணற்றில் மேற்கே திரும்பி முப்பந்தல் காற்றாலைகளுக்கிடையே செல்கையில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நேரே மோதுகின்றது. (பழந்தமிழர் மேல்காற்றைக் 'கோடை' என்றனர்.) அது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசினால், 80இல் செல்லும் வண்டி 110க்குரிய எதிர்ப்பைத் தாங்கவேண்டும். கூரையில் கேரியரும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே அளப்பதே முதல் வேலை. ஒரே பங்க்கில், குழாய் தானே நிற்கும்வரை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, 80ஐத் தாண்டாமல் நாகர்கோவில் சென்று திரும்பி, மீண்டும் அவ்வாறே நிரப்புக. ஒரு வழியை மட்டும் அளந்தால் காற்று நம்மை ஏமாற்றிவிடும். 2025இல் நாடெங்கும் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், தூய பெட்ரோலைவிட ஆற்றல் 6, 7 விழுக்காடு குறைவு; அதற்கு வண்டி பொறுப்பன்று.

இதற்குப் பின்னும் குறை தெரிந்தால் டயரைப் பார்க்கவேண்டும். காற்றழுத்தத்தை ஓட்டத்திற்கு முன், டயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் எரிபொருளை விழுங்குவதோடு சூடேறி வெடிக்கவும் கூடும். சித்திரை வெயிலில் இது பணத்தோடு முடியும் செய்தியன்று. பயணம் முடிந்ததும் சக்கரங்களைத் தொடாமல் அருகே கையை வைத்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மிகுதியாகக் கனன்றால் அதன் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கின்றது. டாப் கியரில் மிதித்ததும் எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிடின் கிளட்ச் வழுக்குகின்றது. வெப்பமானி முள் நெடுந்தொலைவு சென்றும் நடுவுக்கு ஏறாவிடின், தெர்மோஸ்டாட் திறந்தவாறே நின்றிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருப்பதாகக் கருதி, கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை மிகுதியாகச் செலுத்தும்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் அழுக்கேறிய ஃபில்டர் இழுவையைக் குறைக்குமேயன்றி, மைலேஜை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மேற்கூறிய யாவும் செவ்வனே இருப்பின், ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்குமாறு மெக்கானிக்கிடம் கேட்கலாம்.