கூட்டுத்தொகை சரி, உப்பு சரியா?



உங்கள் வீட்டுப் பிள்ளை மணலையும் உப்பையும் பிரிக்கும் பள்ளிச் சோதனையை முடித்துவிட்டு, முகவாட்டத்துடன் திரும்பியதுண்டா? செய்முறை எளிதுதான். 10 கிராம் உப்பையும் 10 கிராம் காவிரி மணலையும் நீரில் கலக்கி, வடிதாளில் வடித்து, மணலை உலர்த்தி, வடிநீரைக் காய்ச்சி உப்பை மீட்க வேண்டும். முடிவில் உப்பு 10.7, மணல் 9.3 கிராம் எனத் தராசு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இட்டதை விட உப்பு மிகுதியாக வருவதெப்படி? ஆசிரியர் கடிந்துகொள்வாரோ என்றஞ்சி, ஏட்டில் இரண்டிற்கும் 10 என்றே எழுதிவிடுகிறது பிள்ளை.

அதற்கு இடங்கொடாதீர்கள். அந்த 0.7 கிராமில்தான் பாடமே இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் சரியாக 20 வருகிறது. அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். உப்பில் ஈரம் எஞ்சியிருக்கலாம். அதே வேளை, சிறிது மணல் பாத்திரத்திலும் தாளிலும் ஒட்டிப் போயிருக்கலாம். இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அல்லது, நம் ஆற்று மணலில் கலந்துள்ள நுண்ணிய வண்டல் வடிதாளைக் கடந்து உப்போடு சேர்ந்திருக்கலாம். எது உண்மை? உப்பை மீண்டும் சூடாக்கி நிறுக்கட்டும். எடை குறைந்தால் ஈரம். இரு முறை ஒரே எடை வரும்வரை தொடர வேண்டும். குறையாவிடில், தெளிந்த நீரில் கரைத்து வெளிச்சத்தில் பார்க்கட்டும். கலங்கினால் வண்டல்.

உப்பு குறைந்து மணல் கூடினால், மணலை நன்கு கழுவவில்லை என்று பொருள். காய்ச்சும்போது தெறித்து வீணாவதும் உண்டு. கண்ணுக்கும் ஆபத்து, இறுதியில் தீயைத் தணிப்பது நன்று.

நம் வேதாரண்யம் உப்பளங்களில் வெயிலே இச்சோதனையைச் செய்கிறது. (1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி சட்டத்தை மீறி உப்பள்ளிய மண் அது.) ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன, அவற்றுள் சமையலுப்பு 27 கிராம் அளவே. நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், பிறகே உப்பு. கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் தங்கிவிடும். அதை வடித்து நீக்காமல் முழுவதும் வற்றவிட்டால் உப்பு கசக்கும்.

அது கசியவும் செய்யும். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்விடும். மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் எந்த உப்புச்சாடியும் கசியலாம். கோடையின் வறண்ட நண்பகலிலும் கசிந்தால், கசப்பு நீரை உப்பினின்று சரிவர நீக்கவில்லை என்று ஐயுறலாம்.

பிள்ளை சோதனைக்குக் கொண்டுபோனது அத்தகைய கல்லுப்பாயின், ஆறியவுடனே நிறுக்கச் சொல்லுங்கள். மறுநாள் வரை திறந்து வைத்தால், 10 கிராமாகக் குறைந்த எடை மீண்டும் ஏறியிருக்கும்.