வேகம் கூட்டிய புல்லட் உதைக்கிறதா? முதலில் டைமிங்கைப் பாருங்கள்!

கொல்கத்தா மல்லிக் பஜாரில் கிடைக்காத வண்டிச் சாமானே இல்லை என்பார்கள். பழைய புல்லட் வைத்திருக்கும் நம்மவர்களில் சிலர், வேகத்துக்கு ஆசைப்பட்டு அங்கே பெரிய கார்புரேட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். சிலர் எஞ்சின் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். மறுநாளே கிக்கர் திருப்பி உதைக்கிறது. வித்யாசாகர் சேது ஏற்றத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுகிறது. உடனே கார்புரேட்டர்மேல் பழி போட்டு இன்னொன்று வாங்குகிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு இது வீண் செலவு.

காரணம் என்ன?

கலவை எரியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே, பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். பாயிண்ட் வைத்த பழைய 350 சி.சி. புல்லட்டுக்கு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கையில் பாயிண்ட் திறக்க வேண்டும் என்பது கணக்கு. ஹெட்டைச் சீவினால் கலவை அதிகம் நெருக்கப்பட்டு விரைவாக எரியும். பொறி சற்றுப் பிந்தி விழ வேண்டும். பழைய கணக்கிலேயே விட்டால், ஏறிவரும் பிஸ்டனை நெருப்பு எதிர்த்து இடிக்கும். கிக்கர் உதையில் கணுக்கால் முறியலாம். நாளடைவில் பிஸ்டனும் ஓட்டையாகலாம்.

பொறி அதிகம் பிந்தினாலும் கெடுதலே. இழுவை குறையும், எஞ்சின் கொதிக்கும், சைலன்சர் குழாய் நீலம் பாரிக்கும்.

பார்க்கும் முறை

முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இதுவே முதல் வேலை. அடுத்து, பாயிண்ட் கேமைக் கையால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் அதைத் தானாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அட்வான்ஸ் எடைகள் சிக்கியிருக்கின்றன.

பிறகு பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தைச் சுற்றி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து பின்னுக்கு இறக்கி, 0.8 அளவுக்கு மெல்ல ஏற்றுங்கள். பாயிண்ட் நடுவே சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்தால், அந்த இடத்தில்தான் தாள் விடுபட வேண்டும். சாவி போட்டிருந்தால் அம்மீட்டர் முள்ளும் அப்போது நடுவுக்கு வரும்.

ஹெட் சீவிய வண்டியானால், பாயிண்ட் தட்டை இம்மி இம்மியாகப் பிந்த வைத்து, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டல் நின்ற இடமே சரியான இடம்.

ஹெட் தாழ்ந்தால் புஷ்ராடும் இறுகும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

இன்னொன்று: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஹெட்டைச் சீவக் கொடுக்குமுன் இதையும் யோசியுங்கள். சீவிய உலோகம் திரும்ப வளராது.